அபூர்வமான காரும் ஒரேயொரு ஏலக்காரரும்

2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு பழைய கார் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. ஏலத்தில் ஒரு காருக்குக் கிடைத்த அதிகூடிய விலை அதுதான். அதற்கு முன்னர் இருந்த ஏலச் சாதனை 2018இல் அமெரிக்காவில் ஒரு பெராரி காருக்குக் கிடைத்த 48.4 மில்லியன் டொலர். அதை இது ஒரேயடியாக எங்கோ பின்னால் தள்ளிவிட்டது.

விலைபோன கார் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1955இல் செய்த 300 எஸ்.எல்.ஆர். உஹ்லன்ஹவுட் கூபே. உஹ்லன்ஹவுட் என்பது அதை உருவாக்கிய பொறியியலாளரின் பெயர். மொத்தமாகச் செய்தது இரண்டே இரண்டு. இரண்டையும் கம்பனி அறுபது வருடங்களுக்கு மேலாக விற்காமல் தன்னிடமே வைத்திருந்தது. அவற்றில் ஒன்றைத்தான் விற்றார்கள். கிடைத்த பணத்தைக் கம்பனி தன் இலாபக் கணக்கில் சேர்க்கவில்லை. சுற்றாடல் துறையிலும் காபன் புகையைக் குறைக்கும் துறையிலும் படிக்கிற, ஆய்வு செய்கிற இளைஞர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுப்பதற்கென்று உலகளாவிய நிதியம் ஒன்றைத் தொடங்கியது.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் அநேகமாக விலையைப் பற்றித்தான் பேசினார்கள். வியாபாரிகளாகிய நாம் பார்க்க வேண்டியது அந்த விலை எப்படி வந்தது என்பதை. எமது சமூகத்தில் தர்மம் செய்கிறவர்களுக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் காணி, கடை, வாகனம், நகை என்று பொருளாகக் கொடுக்கும்போது அந்தப் பொருளின் முழுப் பெறுமதியும் அநாதைப் பிள்ளைக்கும் விதவைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கொடுத்தவர் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். வாங்கிய நிர்வாகம் அதை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறது. முடிவில் யாரோ ஒருவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

ஸ்டுட்கார்டில் கம்பனிக்காரர்கள் செய்ததைக் கவனியுங்கள். காரை ஒரு தர்ம நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு வரவில்லை. விற்கும் பாரத்தைத் தாங்களே சுமந்தார்கள். இந்தத் தொழிலிலேயே பெயர் எடுத்த ஓர் ஏல நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பணமும் நாணயமும் உள்ள சேகரிப்பாளர்களைத் தேர்ந்து அழைத்தார்கள். ஏலத்தைத் தங்கள் நூதனசாலையிலேயே வைத்தார்கள். விசேட தினங்களில் பொதுமக்கள் பார்வைக்குக் காரைத் தரவேண்டும் என்பதற்கு வாங்குபவரின் சம்மதத்தைப் பெற்றார்கள். சோடியில் மற்றது கம்பனியின் கையிலேயே இருக்கிறது. பணம் கைக்கு வந்த பிறகும் அதை ஒரே நாளில் அள்ளிக் கொடுத்து முடிக்காமல், வருடா வருடம் பயன் தரும் நிதியமாக்கினார்கள். கார் போய்விட்டது. அதன் பலன் நின்று கொடுக்கிறது.

அது கோடீசுவரக் கம்பனி, அவர்களோடு எங்களை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, பக்கத்தில் உள்ள கேரளாவுக்கு வருவோம்.

2021 டிசம்பர் ஆரம்பத்தில் மஹிந்திரா கம்பனி, வரையறுத்த எண்ணிக்கையில் வெளியிட்ட சிவப்பு நிறத் தார் ஜீப் ஒன்றைக் குருவாயூர் கிருஷ்ணன் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. கோயிலுக்கு ஜீப் எதற்கு? நிர்வாகமான தேவஸ்வம் அதை ஏலத்தில் விற்க முடிவு செய்தது. டிசம்பர் 18ஆம் திகதி ஏலம். ஆரம்ப விலை இந்திய ரூபாய் 15 இலட்சம். ஏலம் கேட்க வந்தவர் ஒரேயொருவர். வளைகுடாவில் இருக்கும் ஒருவருக்காக அவருடைய பிரதிநிதி வந்திருந்தார். அவர் ஆரம்ப விலைக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் கூட்டி 15 இலட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கேட்டார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. அவருக்கே விழுந்தது.

பிறகுதான் வம்பு. 21 இலட்சம் வரை போகவும் தாங்கள் தயாராக வந்ததாக அந்தப் பிரதிநிதி சொன்னார். அதைக் கேட்ட நிர்வாகத்துக்கு எப்படி இருந்திருக்கும்! ஏலத்தை உறுதி செய்வது நிர்வாகக் குழு கூடித்தான் என்று தலைவர் அறிவித்தார். வாங்கியவர் தரப்போ ஏலம் முடிந்த பிறகு இது என்ன பேச்சு என்று கேட்டது. குழு விற்பனையை ஏற்றுக்கொண்ட பின்னரும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மறு ஏலம் என்று முடிவானது. 2022 ஜூன் 6ஆம் திகதி நடந்த மறு ஏலத்தில் பத்துப் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதே ஜீப் 43 இலட்சத்துக்குப் போனது. வாங்கியவர் டுபாயில் தொழில் செய்யும் கேரளக்காரர்.

கணக்கைப் பாருங்கள். அதே வாகனம், அதே சாவி, ஆறு மாதம் பழசாகியும் விட்டது. வித்தியாசம் 27 இலட்சத்து 90 ஆயிரம். வாகனத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது ஏலக் களத்தில் நின்றவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

இதே தார் ஜீப்பைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020 செப்டம்பரில், புதிய தார் சந்தைக்கு வருவதற்கு முன்பு, அதன் முதலாவது வண்டியை மஹிந்திரா கம்பனி இணையத்தில் ஏலம் விட்டது. பணம் முழுவதும் கொரோனாக் கால நிவாரணம் போன்ற தர்ம காரியங்களுக்கு என்று முன்கூட்டியே அறிவித்தது. வெற்றி பெறுபவர் எந்த நிறுவனத்துக்குப் பணம் போக வேண்டும் என்று ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யலாம், கிடைக்கும் தொகைக்குச் சமமான தொகையைக் கம்பனியும் போடும் என்றும் சொன்னது. ஐயாயிரம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முடிவான விலை 1 கோடியே 11 இலட்சம். கடையில் பத்துப் பன்னிரண்டு இலட்சத்துக்கு வாங்கக்கூடிய வண்டி!

குருவாயூரில் முதல் ஏலத்தை நடத்தியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் ஆரம்ப விலையைக் கிட்டத்தட்டக் கடை விலையிலேயே வைத்தார்கள். அந்த வகையில் நட்டம் வராது என்று நினைத்திருக்கலாம். ஆனால் மூன்று விடயங்களைக் கோட்டை விட்டார்கள். ஆள் சேர்க்கவில்லை. ஒருவர்தான் வந்தால் ஏலத்தை ஒத்திவைப்போம் என்று முதலே எழுதிவைக்கவில்லை. சுத்தியல் விழுந்த பின் இறுதி அதிகாரம் யாருக்கு என்பதையும் வாங்க வந்தவர் மனதில் பதியும்படி சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட மோசம். சந்தையில் நாங்கள் கை கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அரை மணி நேரம் கழித்து வந்து, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் அடுத்த முறை எவனும் அந்தக் கடைப் படி மிதிக்க மாட்டான்.

ஒருவர் மட்டும் கேட்பதற்குப் பெயர் ஏலமில்லை. அது ஆரம்ப விலைக்கு நடந்த சாதாரண விற்பனை.

ஏலம் எமக்குப் புதிய விடயமுமல்ல. ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகளார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கையில் ஏந்தி, சபையில் விலை கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூட்டிக் கேட்பவர் உண்டா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவும், மற்ற திர்ஹத்துக்குக் கோடரியும் வாங்கச் சொல்லி, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். ஒரு திர்ஹத்தோடு அந்த ஏலம் நின்றிருந்தால் கோடரிக்குக் காசு ஏது?

எங்கள் ஊர்களில் ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நேர்ச்சைச் சேவலையும் பலாப்பழத்தையும் ஏலம் போடுவதைப் பார்க்காதவர் யார்? சந்தை விலையைப் போல இரண்டு மூன்று மடங்குக்குச் சேவல் போகும். சேவலின் இறைச்சி கூடியதால் அல்ல. முற்றம் நிறைய ஆள் நிற்கிறது, பணம் பள்ளிக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது, இரண்டு ஹாஜியார்மார் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார்கள். அவ்வளவுதான் அதன் இரகசியம். அதே பள்ளிக்கு ஒரு வாகனமோ கடைத்துண்டோ கிடைத்தால் மட்டும் ஏன் அறைக்குள் நாலு பேர் இருந்து விலை பேசி முடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. சேவலுக்கு இருக்கிற மரியாதை வாகனத்துக்கும் இருக்கக் கூடாதா?

விலையை ஏற்றுவதற்காக வாங்கும் எண்ணமில்லாத ஆளைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்கச் செய்வது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பணம் நல்ல காரியத்துக்குத்தானே என்று அதற்கு நியாயம் தேடக் கூடாது. வெளிநாடுகளில் சில தர்ம நிறுவனங்கள் அபூர்வக் கார்களைச் சீட்டிழுப்பில் கொடுத்துப் பெருந்தொகை சேர்க்கின்றன. ரிக்கட் வாங்கியவர்களில் ஒருவருக்குக் கார், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த வழி எமக்கில்லை. ஆகவே எஞ்சுவது நேர்மையான பகிரங்க ஏலம்தான்.

ஒரு பொருளுக்குப் பின்னால் உள்ள கதைக்கும் விலை உண்டு. 2017 நவம்பரில் லம்போகினி கம்பனி அன்றைய பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களுக்கு ஒரு வெள்ளைக் காரைப் பரிசளித்தது. அவர் அதில் ஏறிப் போகவில்லை. கையெழுத்துப் போட்டு ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2018 மே மாதம் மொனாக்கோவில் அது 7 இலட்சத்து 15 ஆயிரம் யூரோவுக்குப் போனது. கடை விலையின் மூன்று மடங்குக்கு மேல். அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஈராக்கின் நினவே சமவெளியில் யுத்தத்தால் வீடிழந்த மக்களைக் குடியமர்த்தப் போனது. அதற்கு முன் 2016 ஓகஸ்டில் மத்திய இத்தாலியில் நிலநடுக்கம் வந்தபோது, பெராரி கம்பனி 499 மாத்திரம் என்று செய்து முடித்திருந்த லா பெராரி காரில் 500ஆவது ஒன்றைக் கூடுதலாகச் செய்து அந்த டிசம்பரில் ஏலம் விட்டது. 7 மில்லியன் டொலர் கிடைத்தது. அத்தனையும் அந்த மக்களின் புனரமைப்புக்கு.

இலங்கையிலும் கதையால் பெறுமதி பெற்ற கார் இருக்கிறது. கொழும்பு கோல்பேஸ் ஹொட்டேலில் வைத்திருக்கும் 1935ஆம் ஆண்டின் ஸ்ரான்டர்ட் நைன். மறைந்த இளவரசர் பிலிப் 1940இல் கடற்படை இளைஞனாக இங்கு வந்திருந்தபோது 12 பவுணுக்கு வாங்கிய பழைய கார் அது. பிற்பாடு அவர் பிரித்தானிய மகாராணியின் கணவரானதால் 12 பவுண் கார் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் பொருளாகிவிட்டது.

எங்கள் வாவிக்கரைப் பக்கம் ஸ்டுட்கார்ட் கார் கிடையாது. ஆனால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் அந்தக் கால முதலாளிமார் வைத்திருந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிஜ், பேஜோ, வொக்ஸ்வாகன் போன்றவற்றில் ஒன்றிரண்டு இன்னும் கொட்டிலில் துணி மூடி நிற்கின்றன. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒற்றை வரிசையாகக் காத்திருந்து போன வாகனங்கள் அவை. வாப்பாவின் கார் என்று மகன்மார் விற்காமல் வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதுமில்லை, திருத்துவதுமில்லை. ஒரு நாள் மனம் இரங்கி, மதரஸாவுக்கோ அநாதை இல்லத்துக்கோ கொடுப்போம் என்று நினைக்கிறார்கள். நல்ல நினைப்பு. ஆனால் அதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, அது உண்மையில் அபூர்வமானதா அல்லது வெறும் பழசா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் எல்லா வாகனமும் தங்கம் போலாகியது. அது தட்டுப்பாட்டு விலை. கதவு திறந்ததும் மாறிவிடும். சேகரிப்பாளர் கொடுக்கும் விலை வேறு. அவர் முதலில் பார்ப்பது எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதை. பெற்றோல் செலவுக்குப் பயந்து அசல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் பூட்டியவர்கள் எங்களில் பலர். அந்தக் காரை ஓட்டலாம். ஆனால் சேகரிப்பாளர் தேடும் கார் அதுவல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். உப்புக் காற்று தகரத்தை உள்ளிருந்து தின்னும். மேலே பெயின்ற் பளபளக்கும், அடித்தளம் விரல் வைத்தால் உதிரும். ஆகவே கொழும்பிலிருந்து பழைய கார்களை அறிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று அங்கு கழகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டால் வழி காட்டுவார்கள். மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் செலவல்ல.

கொடுப்பதற்கு முன் காரை அழகாக்குகிறேன் என்று புதுப் பெயின்ற் அடித்து, இருக்கைக்கு ரெக்சின் மாற்றிவிடாதீர்கள். சேகரிப்பாளருக்குப் பழைய தோல் இருக்கையும் மங்கிய வர்ணமும்தான் பெறுமதி. துருப்பிடிப்பதை நிறுத்துங்கள், மற்றதை வாங்குபவரிடம் விடுங்கள்.

இரண்டாவது, கார் யாருடையது? வாப்பா மௌத்தாகி இருபது வருடமாகியும் புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கும். அப்படியானால் அது எல்லா வாரிசுகளின் சொத்து. மூத்த மகன் தனியாக எடுத்துத் தர்மம் செய்ய முடியாது. கட்டாரில் இருக்கும் தம்பியினதும் கொழும்பில் வாழ்க்கைப்பட்ட தங்கையினதும் பங்கு அதில் உண்டு. அவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் எல்லோருக்கும் நன்மை. வாப்பா உயிரோடிருக்கும்போது வஸிய்யத்தாக எழுதியிருந்தால் அது சொத்தில் மூன்றிலொன்றுக்குள் அடங்கவேண்டும். பிறருடைய பங்கைக் கொடுத்துப் பெயர் வாங்குவது தர்மமல்ல.

இன்னொரு சிக்கல், திறந்த பேப்பர். கையெழுத்து வைத்த வெறும் படிவத்தோடு நாலைந்து கைமாறிய வாகனங்கள் எங்கள் பக்கம் ஏராளம். நாலாவது கைக்காரர் அதைத் தர்மத்துக்குக் கொடுத்தால் நாளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் நிற்க வேண்டியவர் பள்ளிச் செயலாளர். முதல் உரிமையாளர் எங்கே என்று தேடுவதற்கே ஒரு வருடம் போய்விடும். புத்தகம் சுத்தமில்லாத வாகனத்தை எந்தத் தர்ம நிறுவனமும் ஏற்கக் கூடாது. மரியாதைக்காகக்கூட ஏற்கக் கூடாது.

வரி விடயத்தையும் தொட்டுவிடுகிறேன். அமெரிக்காவில் பழைய காரைத் தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்து, விலைப் பட்டியலில் உள்ள பெரிய தொகையைக் காட்டி வரிக்கழிவு எடுப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. நிறுவனத்துக்குக் கிடைத்ததோ சொற்பம். 2004இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2005 முதல், 500 டொலருக்கு மேல் கழிவு கேட்டால், நிறுவனம் காரை உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ அந்தத் தொகைதான் கணக்கு. நிறுவனம் தானே அதைப் பயன்படுத்தினாலோ பெரிதாகத் திருத்தினாலோ வறியவருக்குக் கொடுத்தாலோ மட்டும் விதிவிலக்கு. அந்தச் சட்டம் ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிறது: நீ கொடுத்தது எவ்வளவு என்பதல்ல, அவர்களுக்குப் போனது எவ்வளவு? எமது நாட்டில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுப்பதைத்தான் கழிவுக்கு எடுக்கிறது. தனிநபருக்கு அதிலும் சிறிய உச்சவரம்பு உண்டு. காராகக் கொடுத்து வரியில் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் கடிதத்தில் உள்ள ஒரு சொல்லும் முக்கியம். வக்ஃபு என்று எழுதினால் ஒரு சட்டம், ஸதகா என்று எழுதினால் இன்னொன்று. வக்ஃபு என்றால் மூலத்தை நிறுத்திப் பலனைக் கொடுப்பது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அந்த நிலம் விளைந்து கொடுத்தது. மொரிஸ் மைனர் என்ன விளையும்? அதில் ஜனாஸா ஏற்றவும் முடியாது, நோயாளியைக் கொண்டுபோகவும் முடியாது. அதை வக்ஃபு என்று எழுதிவிட்டால் விற்கவும் தயக்கம், வைத்திருக்கவும் செலவு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்ஃபுகள் சட்டமும் வக்ஃபு சபையும் இருக்கின்றன. நம்பிக்கையாளர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே விற்று இன்ன தேவைக்குப் பயன்படுத்துவதற்காக ஸதகாவாகத் தருகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். ஸ்டுட்கார்ட்காரர் செய்தது போலப் பலன் நிற்க வேண்டுமென்றால், விற்ற காசில் ஒரு கடைத்துண்டை வாங்கி அதை வக்ஃபு செய்யலாம். வாடகை மாதா மாதம் வரும். மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சொல்வது வியாபாரக் கணக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குப் பொருள்கள் வந்து குவிந்தது நினைவிருக்கும். இந்த வெயிலுக்கு உதவாத கம்பளி உடுப்புகளும் அதில் வந்தன. கொடுத்தவர்களின் மனது பெரியதுதான். பிரித்து அடுக்கவும், வைக்க இடம் பார்க்கவும் எங்கள் இளைஞர்கள்தான் மாய்ந்தார்கள். விற்கத் தெரியாதவர் கையில் கொடுத்த அபூர்வக் காரும் கம்பளிதான்.

இரகசியமாகக் கொடுப்பதுதானே சிறந்தது, ஏலம் போட்டு ஊரைக் கூட்டினால் முகஸ்துதியாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மறைக்க வேண்டியது கொடுத்தவரின் பெயரையே தவிர விற்பனையை அல்ல. ஸ்டுட்கார்டில் 135 மில்லியன் கொடுத்து வாங்கியவர் யார் என்று கம்பனி வெளியிடவில்லை. விலையை உலகமே அறிந்தது. எங்களில் சில இடங்களில் தலைகீழாக நடக்கிறது. கொடுத்தவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது, விற்ற விலை மூடப்படுகிறது.

பொருளாகக் கொடுப்பதே எப்போதும் சிறந்தது என்றும் நான் சொல்லவில்லை. சாதாரணக் கார் என்றால் நீங்களே விற்றுக் காசைக் கொடுங்கள். சந்தையும் தரகரும் உங்களுக்குத்தான் தெரியும், ஆலிம்சாவுக்குத் தெரியாது. தர்மத்துக்கு என்று அறிவிப்பதால் விலை கூடும் என்ற நிலை இருந்தால் மட்டும் காராகவே களத்தில் இறக்குங்கள். அப்போதும் விற்று முடியும் வரை கூட நில்லுங்கள். கொட்டிலில் நிறுத்தவும் காவலுக்கும் வரும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதத்துக்கு முன்பே பத்திரிகையில் அறிவித்தல் போடுங்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் வரை செய்தி போகட்டும். வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்களுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காரைப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆரம்ப விலை எது, குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும், முற்பணம் எவ்வளவு, முடிவை உறுதி செய்வது யார் என்பதையெல்லாம் ஏலம் தொடங்க முன்பே வாசித்துக் காட்டுங்கள். ஏலம் கூறுபவர் நிர்வாகத்தில் இல்லாதவராக இருக்கட்டும். நம்பிக்கையாளர் சபையில் உள்ளவரோ அவரது மைத்துனரோ மருமகனோ வாங்க விரும்பினால், அதை முதலே சொல்லிவிட்டு, மற்றவர்களைப் போல முற்றத்தில் நின்று வாய் திறந்து கேட்கட்டும். அடுத்த ஜும்ஆவுக்கு முன், யார் எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்கு விழுந்தது, செலவு போக எந்தக் கணக்கில் எவ்வளவு போட்டீர்கள் என்ற தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.